வளவுக்கு அடியில் தணல்

இறக்காமத்தில் வீடு கட்ட வைத்திருந்த ஒரு வெறும் வளவுக்குள்ளிருந்து புகை வருகிறது என்று கேள்விப்பட்டுச் செய்தி எடுக்கப் போயிருந்தேன். வளவுக்காரர் ஓர் அரிசி ஆலைத் தொழிலாளி. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கல்யாணம் நடக்கும். அதற்காக அவர் ஒரு பள்ளக் காணியை வாங்கி, ஆலையில் கழித்த உமியையும் சாம்பலையும் கொட்டி உயர்த்தி, மேலே கிரவல் மண் பரப்பியிருந்தார். சாம்பலுக்குள் தணல் இருந்திருக்கிறது.

நெருப்பு எதுவரை போயிருக்கிறது என்று அறிய, குழாய்க்கிணறு அடிக்கிறவர்கள் வந்து மூலை மூலையாகத் துளைத்தார்கள். இழுத்த கம்பியெல்லாம் புகையோடு வந்தது.

"தண்ணிக்குத்தான் காக்கா நாங்க துளைக்கிற. உங்கட வளவில அடுப்பெல்லோ வருது," என்றார் துளைப்பவர், வளவுக்காரரை அண்ணன் முறை வைத்து.

"தண்ணி ஊத்தி அணைச்சுப்போட்டுத்தானே தம்பி கொட்டின நான்."

கடைசி மூலை மிஞ்சியிருந்தது. அது ஆறியிருந்தால் அங்கே சின்னதாகவாவது ஒரு வீடு கட்டலாம் என்றார்கள். கம்பி மேலே வந்ததும் வளவுக்காரர் முந்திப் போய் அதன் நுனியைப் பிடித்தார்.

"சுடல்ல. பாருங்க, சுடல்ல."

கையை எடுக்கவில்லை. தோல் பொசுங்கும் மணம் எனக்கு வந்தது.

தேநீர் கொண்டுவந்த அவருடைய மகள் தட்டை நிலத்தில் வைத்துவிட்டு ஓடிவந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"உடுங்க வாப்பா. எனக்கு ஊடு வேணாம்."

அவர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, எங்களைத் தேநீர் குடிக்கச் சொன்னார்.

இப்போதெல்லாம் யாராவது தனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால், என் கண் முதலில் அவர்களுடைய கைக்குத்தான் போகிறது.