பெட்டியா, ரேக்கா?

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கம்பெனி விழா என்றால் என் மைக் செட்தான். ஒரு வருட ஆயுத பூஜைக்கு, ஒரு கம்பெனியில் கிடாருக்கென்றே ஆள் உயர ரேக் ஒன்றை இறக்கியிருந்தேன். அடுக்கடுக்காக ஒலிக் கருவிகள், பின்னால் குடல் மாதிரி ஒயர்கள்.

வாசிக்க இருந்த முருகேசன் திருநெல்வேலிக்காரர். அந்தக் கம்பெனியிலேயே அசெம்பிளி லைனில் வேலை. அன்றோடு கான்ட்ராக்ட் முடிகிறது. ஷிஃப்ட் மாறும் அரைமணி நேரம்தான் மேடை.

"அண்ணாச்சி, ஒங்க வண்டியில கெடக்க அந்தப் பழைய ஆம்ப் பொட்டி போதும். ஒத்த ஒயரு, சொருவுனா பாடும்."

"இன்னாபா, கல்யாண வூட்ல வந்து கஞ்சி கேக்கற? ரேக்ல வாசி, சும்மா அதிரும்!" என்றேன்.

மாட்டி முடிக்கவே இருபது நிமிடம் போனது. சத்தம் வரவில்லை. எந்த ஒயர் தவறு என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவரோடு வேலை செய்தவர்கள் எழுந்து பஸ்ஸை நோக்கி நடந்தார்கள். முருகேசன் என்னைத் திட்டவில்லை. என் வண்டியிலிருந்து பழைய பெட்டியைத் தானே தூக்கி வந்து, ஒயரைச் சொருகி வாசிக்க ஆரம்பித்தார்.

பஸ் படியில் ஏறியவர்கள் இறங்கி வந்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தும் ஒருவரும் நகரவில்லை. "நம்ம முருகேசனா இது?" என்றார் சூப்பர்வைசர்.

போகும்போது முருகேசன் சொன்னது ஒன்றுதான்: "நல்ல பொட்டி அண்ணாச்சி. வித்துராதிய."

பெரிய கச்சேரிகளில் என் ரேக் இன்றும் அதிர்கிறது. அதில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் வண்டியில் முதலில் ஏறுவது அந்தப் பெட்டி. எது வேண்டும் என்று வாசிப்பவரைக் கேட்காமல் நான் ஒயரைத் தொடுவதில்லை.