துரை மோட்டாரின் முன்கண்ணாடி

அந்தக் கண்ணாடி உடைந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் மாமா, இன்னொருத்தி நான். அதனால் அதன்பிறகு எங்கள் வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்தில், வேலைக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தோம். நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா, அம்மா, நான், நைனாவின் தம்பியான சித்தப்பா, அவருக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்திருந்த சித்தி. நைனாவும் சித்தப்பாவும் ஆழத்தில் இறங்கிப் பாறையில் துளை போடுகிறவர்கள். ஒருவர் பகல் ஷிப்டு என்றால் மற்றவர் இரவு ஷிப்டு. ஒரே பாயை இரண்டு பேரும் மாறி மாறிப் படுத்துத் தேய்த்தார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. சுரங்கத்து இன்ஜினியர் துரை ஒருவரின் பங்களாவில் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரை குதிரையை விற்று மோட்டார் வாங்கியதும், மாமா மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறவர் ஆனார். ஆனாலும் பழக்கம் போகவில்லை. காலையில் அதன் பின்பக்கத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் துடைக்கத் தொடங்குவார்.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன மோட்டார் அது. கூரை கிடையாது, கதவு கிடையாது. வேகமாக ஓடுவதற்கென்றே எடையைக் குறைத்துச் செய்தது. சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டால் இரண்டு ஆள் சேர்ந்து தூக்கி மேட்டில் வைத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் துரை அதில் ஏறிக்கொண்டு, குதிரை வைத்திருந்த இன்னொரு துரையோடு ஊரிகம் வரைக்கும் பந்தயம் ஓட்டுவார். காற்றும் புழுதியும் முகத்தில் அறையாமல் இருக்க, எதிரே பித்தளைச் சட்டத்தில் கண்ணாடி பொருத்தியிருந்தது. கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு துண்டு. மேல் துண்டை வேண்டாதபோது மடக்கிக்கொள்ளலாம். அந்தக் கண்ணாடியின் மேல் மாமாவுக்கு இருந்த மரியாதை கொஞ்சமல்ல. தோட்டக்காரர் ஒருவர் மண்வெட்டியை வண்டிமேல் சாய்த்து வைத்ததில் வண்ணம் கீறிப் போய், அன்றைக்கே வேலையும் போயிருந்தது.

அன்று பகலில் நான் மோட்டார் நிற்கும் கொட்டகைக்கு மாமாவுக்குக் களி எடுத்துப் போயிருந்தேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். பூமி குலுங்கியது.

பூமி குலுங்குவது எங்களுக்குப் புதிதல்ல. ஆழத்தில் பாறை தானாக வெடித்துச் சரியும். அதை ஏர்பிளாஸ்ட் என்பார்கள். அடுக்குப் பானை சத்தம் போடும், அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் கொட்டகையே ஒரு பக்கம் நகர்ந்து திரும்பி வந்தது போல இருந்தது. மேல் பலகையில் மாமா வைத்திருந்த எண்ணெய் டின் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து, நேராகக் கண்ணாடியின் மேல் விழுந்தது. மேல் துண்டு சிலந்திவலை மாதிரி விரிசல் விட்டு, இருக்கையில் பொலபொலவென்று கொட்டியது.

துரை பங்களாவிலிருந்து ஓடி வந்தார். சாப்பாட்டுத் துணி கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கொட்டகைப் பக்கம் திரும்பாமல், கால்நடையாகவே சுரங்கத்தைப் பார்த்து ஓடினார்.

மாமா இருக்கையில் கொட்டிய சில்லுகளைத் துணிபோட்டு மூடினார். பிறகு என்னிடம், "நீ வூட்டுக்குப் போ. இங்க கண்ணாடி ஒடஞ்சத யார்கிட்டயும் சொல்லாத, இன்னா?" என்றார்.

சரி என்றேன். அதற்குள் சங்கு ஊத ஆரம்பித்திருந்தது. ஷிப்டுக்கு ஊதுகிற மாதிரி ஊதி நிற்கவில்லை, ஊதிக்கொண்டே இருந்தது.

லைனுக்கு வந்தால் ஒரு வீட்டிலும் ஆளில்லை. கதவுகள் திறந்து கிடந்தன. எங்கள் வீட்டு அடுப்பில் எதுவோ தீய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லாரும் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு சுரங்கத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படியோ ஊருக்கே தெரிந்துவிட்டிருந்தது.

சுரங்க வாயிலில் நல்ல கூட்டம். உயரத்தில் சக்கரம் சுற்றும், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வரும், கூட்டம் ஒரு அடி முன்னால் நகரும். இறங்கியவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சில பெண்கள் அழுதுகொண்டே கூட்டத்திலிருந்து பிரிந்து போவார்கள். மற்றவர்கள் அங்கேயே நிற்பார்கள். சித்தி முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். நான் நுழைந்து போய் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் குனிந்ததும் காதில், "சித்தி, மாமா வேணும்னு பண்ல" என்று சொன்னேன்.

சித்தி என்னையே பார்த்தாள். நான் சொன்னது ஒன்றும் அவளுக்கு எட்டவில்லை. மறுபடியும் நிமிர்ந்து சக்கரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்கு ஒழுங்காக நினைவில் இல்லை. நைனா தன் ஷிப்டு, அடுத்தவர் ஷிப்டு என்று பார்க்காமல் இறங்கிக்கொண்டிருந்தார். பாறையை அள்ளுகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். வீட்டில் சமைத்தது அப்படியே இருக்கும். சித்தப்பாவைக் காணவில்லை.

"சித்தப்பா எங்கம்மா?" என்று கேட்டேன்.

"கீழ வேலை கீது. முடிஞ்சதும் வருவாரு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்போது எனக்கு விஷயம் தெரியும். சித்தப்பா அன்று வேலை செய்துகொண்டிருந்த லெவல் என்ற சுரங்க அடுக்கு முழுவதும் சரிந்துவிட்டது. தோண்டத் தோண்டக் கல் விழுந்துகொண்டே இருந்ததால், இனி உள்ளே ஆளை அனுப்ப முடியாதென்று துரைமார்கள் முடிவு செய்து, அந்த வழியைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். உடம்பு என்று எதுவும் வீட்டுக்கு வரவில்லை. அன்று காலை நைனா முகங்கூடக் கழுவாமல் வாசற்படியில் உட்கார்ந்து, "மூடிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். உள்ளேயிருந்து அம்மா ஓவென்று அழுதாள். மோட்டார் கொட்டகையை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது, இனி மாமாவுக்கு வேலையில்லை என்று நினைத்து நானும் அழுதேன்.

மறுநாள் என்னை அடுத்த வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். கிறிஸ்தவக் கோயிலுக்கு வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போகிற வேதக்காரக் குடும்பம் அது. அந்த வீட்டு அத்தை எனக்குக் கஞ்சி ஊற்றி, மடியில் படுக்கவைத்து, எங்கள் வீட்டிலிருந்து வந்த சத்தம் கேட்காதபடி ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சித்தி மூலையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டில்லை. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் போட்டிருந்த கண்ணாடி வளையல்களையும் காணோம். மாமாவுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கிறது, அதற்காகக் கழற்றிக் கொடுத்துவிட்டாள் என்று புரிந்துகொண்டேன். சித்தியை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

மாமா வந்தார். வாசலில் குந்தி, நைனாவிடம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இந்த நேரத்துல சொல்லக்கூடாது. துரை வண்டி கண்ணாடி ஒடஞ்சிபோச்சி. டின்ன மேல வெக்காதன்னு துரை முன்னமே சொல்லிகீறாரு. நான்தான் வெச்சேன்."

"துரை பாத்தாரா?" என்றார் நைனா.

"இன்னும் கொட்டாய் பக்கம் வரல. ஞாயித்துக்கெழமை எப்படியும் வண்டிய எடுப்பாரு. புதுசு வேணும்னா கப்பல்ல வரணுமாம். பேட்டையில படத்துக்குச் சட்டம் போடற பாய்கிட்ட கேட்டேன். படக் கண்ணாடி காத்துக்கே ஒடஞ்சிடும், கனமான கண்ணாடி இருந்தா கொண்டாங்க, அறுத்துத் தரேன்னு சொன்னாரு. கனமான கண்ணாடிக்கு நான் எங்க போவேன்?"

அம்மா உள்ளேயிருந்தே சொன்னாள். "ஒருத்தரு சம்பளம் நின்னுபோச்சி. உன்னுதும் போச்சின்னா ஊருக்குத்தான் போவணும்."

அப்போது மூலையிலிருந்து சித்தி வாய் திறந்தாள். சித்தி நைனாவோடு நேரில் பேசமாட்டாள். அம்மாவிடம் சொல்கிற மாதிரிச் சொல்வாள்.

"அக்கா, அந்தக் கண்ணாடிய எடுத்துக்கச் சொல்லு."

அந்தக் கண்ணாடி என்றால் லைன் முழுக்கத் தெரியும். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையின் சாமான்களை ஏலம் விட்டபோது சித்தப்பா எடுத்துவந்த நிலைக்கண்ணாடி. அலமாரிக் கதவில் இருந்ததாம். அதைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் லைனுக்குள் நுழைந்தபோது, வழிநெடுக வீடும் வானமும் அதில் ஆடிக்கொண்டே வந்தன. நிற்க வைக்க எங்கள் வீட்டில் இடமில்லை. பாய் விரிக்கிற இடத்தில் சுவரோடு சாய்த்துவைத்தார்கள். காலிலிருந்து தலை வரைக்கும் தெரிகிறதென்று பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சித்தி தலை வாரும்போது சித்தப்பா பின்னால் நின்று கண்ணாடிக்குள் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் நடுவில் போய் நின்றால், "ஏய், மறைக்காத" என்பார்.

இப்போது யாரோ அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள். அதையும் நான் அப்போதுதான் கவனித்தேன்.

"வேணாம்" என்றார் நைனா. அவரும் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். "அது அவன் ஆசையா வாங்கினது. அப்படியே இருக்கட்டும்."

"எனக்கு இன்னாத்துக்குக்கா இனிமே?" என்றாள் சித்தி.

அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். நைனா எழுந்து வெளியே போய்விட்டார். ஒருவர் நல்ல மனதோடு ஒன்றைக் கொடுக்கிறார், அதற்கு ஏன் ஒருவர் அழவேண்டும், ஒருவர் கோபித்துக்கொண்டு போகவேண்டும்? எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் நைனா கண்ணாடியைக் குப்புறப் படுக்கவைத்தார். பின்பக்கம் சிவப்பாகப் பூசியிருந்தது. அதில் மண்ணெண்ணெய் தடவி ஊறவைத்து, தகரத்துண்டால் மெல்லச் சுரண்டினார். முதலில் சிவப்பு உரிந்தது. அடியிலிருந்த வெள்ளிப் பூச்சு பொடியாக அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. பிறகு கண்ணாடியை நிமிர்த்தி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு துணியால் தேய்த்தார். நான் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் அங்கங்கே ஓட்டை விழுந்தது. ஓட்டைக்குள் நைனாவின் கை வந்தது. கொஞ்சங்கொஞ்சமாக என் முகம் முழுவதும் போய், அந்தப் பக்கச் சுவரோரம் உட்கார்ந்திருந்த சித்தி தெரிந்தாள். நான் கையை ஆட்டினேன். சித்தியும் ஆட்டினாள்.

பேட்டையிலிருந்து வந்த பாய், வைரம் பதித்த சின்னக் கோலால் கோடு இழுத்து, விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, வேண்டிய அளவை உடைத்துக் கொடுத்தார். கூலி கேட்கவில்லை. மீந்த துண்டுகளைத் தானே கோணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்.

கொட்டகைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். மாமா சட்டத்தின் திருகாணிகளைக் கழற்றி, கண்ணாடி உட்காரும் காடியில் சிக்கியிருந்த பழைய சில்லுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். புதுக் கண்ணாடியின் ஓரத்தில் கம்பளித் துணியை நாடாவாகக் கிழித்துச் சுற்றினார்கள். மாமா சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, நைனா கண்ணாடியைச் செருகித் திருகாணியை முடுக்கினார். ஒரு மூலையில் கிறீச்சென்று சத்தம் வந்தது. நைனா திருகாணியைத் தளர்த்திவிட்டு, தலையைச் சட்டத்தில் சாய்த்துக்கொண்டார்.

"நான் முடுக்கறேன், வுடு" என்றார் மாமா.

"இல்ல, நானே போடறேன்."

மூலையில் இன்னொரு துணித்துண்டைத் திணித்து நைனாவே முடித்தார். பிறகு மாமா ஈரத் துணியால் துடைத்தார். அங்கே கண்ணாடி இருப்பதே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துரை வந்தார். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். துரை கண்ணாடியைத் தொட்டுப் பார்ப்பார், நல்லது என்று சொல்வார், அதோடு எங்கள் வீட்டைப் பிடித்திருந்த எல்லாம் விலகிவிடும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது. துரை இளைத்திருந்தார், முகம் மழிக்கவில்லை. எதையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார். மாமா முன்னால் குனிந்து கைப்பிடியைச் சுழற்றியதும் மோட்டார் உறுமியது. கோரமண்டல் சுரங்கத்துப் பக்கமாகப் போய் மறைந்தது. கண்ணாடி உடைந்ததும் அவருக்குத் தெரியாது, மாற்றியதும் தெரியாது. மாமாவுக்கு நிம்மதிதான். ஆனாலும் வீட்டுக்கு வந்து, "ஒரு பார்வ பாத்தாரா பாரு" என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஷிப்டு முடிந்து சங்கு ஊதியபோது நான் லைன் முனையில் போய் நின்றேன். கண்ணாடி விவகாரம்தான் தீர்ந்துவிட்டதே. எல்லாரும் வந்தார்கள். எங்கள் வீட்டைக் கடக்கும்போது ஏனோ பேச்சை நிறுத்திக்கொண்டு கடந்தார்கள். சித்தப்பா வரவில்லை. வேலை இன்னும் பாக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் குடியாத்தம் பக்கத்திலிருந்து சித்தியின் அண்ணன் வந்தார். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்கு நாங்களும் போனோம். சித்தி கையில் ஒரு துணிமூட்டை. பவுரிங்பேட்டை போகிற வண்டி வந்து நின்றதும் அம்மா அவளை விடமாட்டேன் என்பது போலப் பிடித்துக்கொண்டாள். நைனா தூரமாகப் போய்த் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சித்தி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

முக்கியமான ஒன்றை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. நான் ஜன்னலுக்குக் கீழே போய், எட்டி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"சித்தி, சித்தப்பா வந்து கேட்டா, நீ உங்கம்மா வூட்டுக்குப் போயிகீறன்னு நான் சொல்லிடறேன்."

சித்தி குனிந்து என்னைப் பார்த்தாள். அவள் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சொல்லு" என்றாள் சித்தி. "மறக்காம சொல்லு, இன்னா?"

வண்டி நகர்ந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அத்தனை நாட்களில் பெரியவர்கள் யாராவது என்னை நம்பி ஒரு வேலையை ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை.