எஞ்சினுக்கு அடைத்த சொத்தை

அந்த வீட்டு கராஜில் ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பல் விளக்கிவிடுகிறார்களாம் என்று முதலில் கிளப்பிவிட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. எதிர்வீட்டு டீச்சர் தபால்காரரிடம் சொன்னாராம். தபால்காரரோ, தனக்கு மருந்துக்கடையில்தான் தெரியும் என்கிறார். முடிவெட்டும் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சேதிக்குக் கை கால் முளைத்துவிட்டது. கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு தப்பிக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்த, அந்த வீட்டு அக்காவின் கணவர் அதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் வராததுமாக கராஜ் வாசலில் நின்று ஒப்பித்தார்.

"வண்டிக்கு ரூட் கனால் பண்றாங்களாமே அண்ணேன்னு கேக்கறான். மயக்க ஊசிகூட போட்டாச்சாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஊசி வண்டிக்கு இல்லப்பா, எனக்குத்தான், ஒரு வாரமா வாயே தொறக்கலன்னேன்."

அக்கா சிரிக்கவில்லை. வாயில் முகக்கவசம், கையில் பழைய டூத் பிரஷ், எதிரே ஒரு லாரி டயரின்மேல் கவிழ்ந்து கிடக்கும் எஞ்சின். ஊர் வாயில் விழுந்தது பொய் என்று சொல்லவும் முடியாது. இருபத்திரண்டு வருடமாகப் பல் டாக்டருக்கு உதவியாளராக இருப்பவள் அவள். தெருப் பிள்ளைகளுக்கு அவள் "ஆ காட்டு அக்கா". யாரைப் பார்த்தாலும் கண் நேராக வாய்க்குத்தான் போகும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சிரித்தால்கூட, "கீழ் வரிசையில ஒண்ணு பாக்கணுமே" என்று பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுப்பாள். அவள் கைப்பையில் சாவி இருக்கிறதோ இல்லையோ, கைக்குட்டையில் சுற்றிய ஒரு சொத்தை குத்தும் கொக்கி இருக்கும்.

இத்தனைக்கும் காரணம் ஒரு ராத்திரிச் சாப்பாட்டில் விழுந்த பேச்சு. கிடங்கு மேற்பார்வையாளரான கணவர் சின்னதாக ஒரு கார் வாங்கிவிட்டார். தார்ப்பாய்க்கடியில் கிடந்த பழைய வண்டியைத் தன் தம்பிக்குக் கொடுத்துவிடலாம் என்றார். தம்பியும் அதே மேசையில், அதற்காகவே வந்ததுபோல உட்கார்ந்திருந்தார்.

"அது எனக்கு வேணும்" என்றாள் அக்கா.

இரண்டு பேரும் ஒரே குரலில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குச் சுருக்கென்றது. கல்யாணமான புதிதில் இதே வண்டியில், பின்னால் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று அவர் அலற அலற, ஓட்டக் கற்றுக்கொண்டவள் அவள். பிள்ளை பிறந்ததோடு அது நின்றுபோயிற்று. இப்போது மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அக்காவோ வேலைக்குப் போக இரண்டு பஸ் மாறி, நடுவில் நாற்பது நிமிடம் ஒரு கூரையில்லாத நிறுத்தத்தில், அடுத்தவர் குடையின் விளிம்பில் சொட்டும் தண்ணீரை வாங்கிக்கொண்டு நிற்கிறாள்.

"சரி, பந்தயம்" என்றார் கணவர். "மாசக் கடைசியோட வண்டியோட ஆர்.சி. பேப்பர் முடியுது. புதுப்பிக்கற சோதனைக்கு நீயே கொண்டு போ. கடைசி நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பாஸ்னு சொல்லிட்டாங்கன்னா வண்டி உனக்கு. இல்லேன்னா தம்பிக்கு."

தம்பி மறுநாளே ஒரு புத்தம்புது சிவப்பு ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கராஜ் ஆணியில் மாட்டினார். "இருக்கட்டும் அண்ணி. எப்படியும் இங்கேருந்துதானே எடுத்துட்டுப் போகப்போறேன்!"

அந்த ஹெல்மெட் பத்து நாளாக அவள் முதுகைப் பார்த்தபடி தொங்கியது.

எஞ்சினை இறக்கிக் கொடுத்தது மூலைக்கடை மெக்கானிக். "ஓடறதெல்லாம் நல்லாத்தான் ஓடும்க்கா. ஆனா இந்த மூஞ்சியோட போனா, எண்ணெய் கசியுதுன்னு எழுதித் திருப்பி விட்டுருவாங்க. கழுவி, பெயிண்ட் அடிச்சுக் கொண்டுபோங்க. ஓட்டையெல்லாம் நல்லா மூடிக்கணும், உள்ள பெயிண்ட் போச்சுன்னா போச்சு. அப்புறம் இன்னொண்ணு..."

"மெக்கானிக் தம்பி, நான் முப்பத்திரண்டு பல்லை ஈரம் படாம மூடிப் பழகினவ. நாலு ஓட்டைய மூடத் தெரியாதா? நீங்க போய் டீ குடிங்க."

மெக்கானிக் போய் டீ குடித்தார். அந்த இன்னொண்ணு அவரோடேயே போயிற்று.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து அவள் அதைத் தேய்த்த தேய்ப்பில் நாலு டூத் பிரஷ் மொட்டையாயின. சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் தகடுகளின் இடுக்கில் பல் குச்சி விட்டுச் சுத்தம் செய்தாள். எதிர்வீட்டு டீச்சர் சுவருக்கு மேலிருந்து பார்த்தது அந்தக் கட்டத்தைத்தான்.

எட்டாவது நாள், கவிழ்ந்து கிடந்த எஞ்சினின் அடிவயிற்றோரம், எண்ணெயும் தூசியும் வெந்து கல்லாகிப்போன ஒரு மூலையில் கொக்கி சிக்கியது. மூக்குக்கண்ணாடி ஆவி படிகிறதென்று கழற்றி வைத்திருந்தாள். கண்ணுக்கு மங்கலாக, கைக்குத் தெளிவாக, ஒரு வரிசைக் குழிகள். ஒன்றையொன்று ஒட்டி, கோணலும் வளைவுமாக. என்றைக்கோ வண்டி கல்லில் உராய்ந்த காயம் என்று நினைத்தாள். அவள் கைக்கு ஒரு குழியைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போகத் தெரியாது. சூடு தாங்கும் உலோகப் பட்டிப் பசையைக் குழைத்தாள். ஒவ்வொரு குழியாக அடைத்து, அமுக்கி, காயவிட்டு, உப்புத்தாளால் கண்ணாடி மாதிரி தேய்த்தாள். நாக்கால் தடவினாலும் தெரியாது என்று கிளினிக்கில் சொல்வதை, பக்கத்தில் யாரும் இல்லாததால், எஞ்சினிடமே சொன்னாள்.

பிறகு பெயிண்ட். சிலிண்டருக்கு மங்கல் கறுப்பு, கீழ்ப்பகுதிக்கு வெள்ளி நிறம். மெல்லிசாக ஒரு பூச்சு, அரைமணி நேரம் பொறுமை, மறுபடி ஒன்று. நடுநடுவே ஹேர் டிரையர். கடைசி டேப்பை உரித்த அன்று கணவர் எட்டிப் பார்த்தார். குறை தேடிக் குனிந்தவர் குனிந்தபடியே ஒரு சுற்று வந்தார்.

"பரவால்ல" என்றார். அவர் அகராதியில் அதற்கு மேல் சொல் கிடையாது.

மெக்கானிக் கடைப் பையன் வந்து எஞ்சினை வண்டியில் ஏற்றிக் கொடுத்தான். கடைசி நாள் காலையில் சோதனை மைதானம். விளக்கு எரிந்தது, பிரேக் பிடித்தது, ஹாரன் அலறியது. சோதனை அதிகாரி மெலிந்த மனிதர், காதில் பென்சில். கையில் மெல்லிய தாளோடு குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

"எஞ்சின் நம்பர் எங்கம்மா?"

"எங்க இருக்கணும்?"

அவர் விரல் போய் நின்ற இடத்தை அக்கா குனிந்து பார்த்தாள். மைதானத்திலேயே வழவழப்பான இடம் அதுதான்.

"அதை... அடைச்சுட்டேன்."

"எதை?"

"சொத்தைன்னு நினைச்சு."

அதிகாரி காதிலிருந்த பென்சிலை எடுத்து, அதைப் பார்த்து, திரும்பக் காதிலேயே வைத்தார். "நம்பர் இல்லாத வண்டிய திருட்டு வண்டின்னு எழுதணும்மா. நாலு மணிக்கு கேட் பூட்டிருவோம். அதுக்குள்ள நம்பர் தெரிஞ்சா கூப்பிடுங்க."

கூட வந்திருந்த கணவர், முகத்தில் துக்கத்தைக் கஷ்டப்பட்டு வரவழைத்துக்கொண்டு, தம்பிக்கு ஒரு குறுஞ்செய்தி தட்டினார். அக்கா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல அவர் கக்கத்திலிருந்த செய்தித்தாளைப் பிடுங்கித் தரையில் விரித்தாள். கைக்குட்டையைப் பிரித்துக் கொக்கியை எடுத்தாள். மல்லாந்து படுத்தாள்.

"லைட்டைக் காட்டுங்க."

"நானா?"

"இங்க வேற யாரு எனக்கு அசிஸ்டெண்ட்? வாய்க்குள்ள காட்டுங்க, என் கண்ணுல காட்டாதீங்க."

அடைத்ததை எடுப்பது அடைப்பதைவிடக் கஷ்டம் என்பது பல் வைத்தியத்தின் பாலபாடம். அதிலும் கெட்டிக்காரி அடைத்ததை எடுப்பது இன்னும் கஷ்டம். தன் கைத்திறனைத் தானே திட்டிக்கொண்டு, துகள் துகளாகச் சுரண்டினாள். சோதனைக்கு வந்த லாரிக்காரர்கள் கூடிவிட்டார்கள். "ஆறு வந்துருச்சு!" என்றார் ஒருவர். "அது ஒம்போதுய்யா, அக்கா தலைகீழா படுத்திருக்கு" என்றார் இன்னொருவர். ஏழாவது எண் எட்டிப் பார்த்தபோது கணவர் செய்தித்தாளின் மறுபாதியில் தானும் படுத்திருந்தார். வெளிச்சம் இம்மியும் ஆடவில்லை. தம்பியிடமிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்தது. இரண்டையும் அவரே துண்டித்தார்.

கடைசி எண்தான் கழுத்தறுத்தது. உப்புத்தாள் அங்கே கொஞ்சம் அதிகமாகவே போயிருந்தது. ஆர்.சி. பேப்பரில் எட்டு. இரும்பில் பார்த்தால் எட்டு மாதிரியும் இருந்தது, மூன்று மாதிரியும் இருந்தது.

"இடது பக்கம் லேசா ரெண்டு கீறல் போடேன்" என்று கணவர் அவள் காதில் கிசுகிசுத்தார். "யாருக்குத் தெரியும்?"

அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். தம்பி கட்சிக்காரர் எப்போது கட்சி மாறினார்?

கொக்கி கையிலேயே இருந்தது. இரண்டே கீறல். மனசு ஒரு நிமிடம் அந்தப் பக்கம் போய்விட்டு வந்தது.

"இல்லாத பல்லை இருக்குன்னு சீட்டுல எழுதினதில்லைங்க நான்" என்று எழுந்து, முதுகில் ஒட்டிய செய்தித்தாளோடு அதிகாரியைக் கூப்பிடப் போனாள்.

அவர் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. மேலதிகாரிகிட்ட காட்டணும். அஞ்சு மணிக்குள்ள ஃபோன் பண்றேன்."

நாலே முக்காலுக்கு கராஜில் ஒரு ஃபோன் பட்டறை மேசைமேல் கிடந்தது. இரண்டு பேர் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுரண்டிய இடத்தில் புதுப் பூச்சு அடித்தாகிவிட்டது. இந்தத் தடவை எண்களின்மேல் எட்டுத் துண்டு டேப். தம்பி ஆறு மணிக்கு வருவதாகத் தகவல்.

நாலு ஐம்பத்தாறு. ஃபோன் அடித்தது. தெரியாத எண்.

"எடு" என்றார் கணவர்.

"நீங்க எடுங்க."

"உன் வண்டிடி!"

"அது அவர் சொன்னப்புறம்தானே தெரியும்."

அக்கா எழுந்தாள். மேசைப் பக்கம் போகாமல் ஆணிப் பக்கம் போனாள். சிவப்பு ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினாள். கொஞ்சம் பெரிசு, ஆனால் காதை நன்றாக அடைத்தது; பாஸோ ஃபெயிலோ, இனி எதுவும் உள்ளே வராது. வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒரே உதை. எஞ்சின் இருமி, செருமி, பிடித்துக்கொண்டது. புதுப் பூச்சு சூடேறி மெல்லிசாகப் புகைந்தது. கராஜ் தகரக் கதவு கிடுகிடுத்தது. சுவருக்கு மேல் டீச்சரின் தலை முளைத்தது.

கணவர் இரண்டு கையையும் ஆட்டி ஏதோ கத்தினார். ஃபோன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து, விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

அக்கா ஹெல்மெட்டின் காதுப்பக்கம் கை வைத்துக் குனிந்து, "ஆ?" என்றாள்.