கலங்கல் தண்ணீருக்கு ஆரஞ்சு

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ஏழாம் வகுப்பிலேயே கரண்ட் பில், மாத்திரை அட்டை, மிக்சியோடு வந்த புத்தகம் எல்லாம் என் கைக்குத்தான் வரும். தெரியாத சொல் வந்தால் நிறுத்தமாட்டேன். பொருத்தமாக ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போவேன். யாரும் மறுத்ததில்லை. மறுக்கத் தெரிந்த ஆள் வீட்டில் இல்லை.

அந்த வருடம் சாரல் நேரத்தில் அம்மாவின் தம்பி துபாயிலிருந்து லீவில் வந்தார். அவருக்குக் கம்பெனி ஆபீஸில் வேலை என்று அம்மா எங்கள் ஊர் இலஞ்சி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். வயது முப்பத்து மூன்று. ஏற்கெனவே இரண்டு இடம் பேசித் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக ஆலங்குளத்தில் ஒரு பெண். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாக இருந்தது. அப்படியே குற்றாலத்தில் ஒரு குளியலும் போடுவதாகத் திட்டம். அவர்களுக்கு விரால் குழம்பு வைக்கப்போவதாக மாமா அறிவித்துவிட்டார். விரால் கடையில் வாங்குவதல்ல, தானே பிடிப்பது.

அதற்கு அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினியர் கொடுத்தது. திறந்தால் பத்துப் பன்னிரண்டு தூண்டில் முள். ஒவ்வொன்றிலும் கலர் நூல் சுற்றி, முள்ளைவிட நீளமாக மெல்லிய இறகுகள். கூடவே இங்கிலீஷில் ஒரு தாள். மேலே டைப் அடித்தது, அடியில் கூட்டெழுத்தில் நாலு வரி.

“மாமா, இது ஈயாம். ஸ்பே ஆத்து ஈ.”

“இம்புட்டுப் பெரிய ஈ எந்த ஊர்லலே இருக்கு? ஒழுங்கா வாசி.”

வாசித்தேன். தண்ணீர் தெளிந்து கிடந்தால் சின்னது, கறுப்பு. கலங்கி வந்தால் பெரியது, ஆரஞ்சு. ஓட்டம் மெதுவாக இருந்தால் இறகு நீளமாக இருக்க வேண்டும். நாம் இழுக்காமலே அது உயிருள்ளதுபோல் அசையும். ஆற்றின் குறுக்கே வீசி, ஓட்டத்தோடு விட்டுவிட வேண்டும், வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சால்மன், ஸ்டீல்ஹெட் என்று இரண்டு மீன்களின் பெயரும் இருந்தது. சால்மன் என்றால் விரால் என்றேன். ஸ்டீல்ஹெட், எஃகுத் தலை, சந்தேகமே இல்லாமல் கெளுத்தி. கெளுத்தியின் மண்டையைத் தட்டிப் பார்த்த யாரும் இதை மறுக்க முடியாது. கூட்டெழுத்தை மட்டும் விட்டுவிட்டேன். அது கண்ணைக் கட்டியது.

ஞாயிறன்று அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். குளியல் போன விருந்தாளிகள் மீன்பிடியையாவது பார்ப்போம் என்று எங்களோடு சிற்றாற்றங்கரைக்கு வந்தார்கள். தண்ணீர் டீ நிறத்தில் வந்துகொண்டிருந்தது. தென்னந்தோப்பை ஒட்டி ஆறு வளைகிற இடத்தில் மட்டும் ஓட்டம் மெதுவாக இருந்தது. மாமா நீலத்தை எடுத்தார்.

“ஆரஞ்சு, மாமா. நீள இறகு,” என்றேன்.

பெண்ணின் அப்பா சிரித்தார். “மண்புழு இல்லையா தம்பி? கோழி றெக்கைய வச்சா மீனை ஏமாத்தப் போறீய?”

முதல் வீச்சில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு பாலிதீன் பை வந்தது. அம்மா முருகனைக் கூப்பிட ஆரம்பித்தாள். மூன்றாவது வீச்சில், தென்னை வேர்ப்பக்கம் மிதந்துபோன தூண்டில் நரம்பு சட்டென்று விறைத்தது. மூங்கில் கம்பு வில்லாக வளைந்தது. மாமா முழங்கால் தண்ணீரில் இறங்கி இழுத்துப்போட்டார். முழங்கை நீள விரால்.

“ஏலே, கெட்டிக்காரன்தாம்லே நீ! அந்தத் தாள்ல என்னதான் போட்டிருக்கு? வாசி பாப்போம்,” என்றார் பெண்ணின் அப்பா.

கெட்டிக்காரன் என்று சொன்ன பிறகு பாதியில் நிறுத்த முடியுமா? பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல் விறைப்பாக நின்று, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். கூட்டெழுத்தையும் விடவில்லை. “எனக்கு நாலு சமையல்காரங்க வேலை பாத்திருக்காங்க. உன் கைப்பக்குவம் யாருக்கும் இல்ல. எங்க ஊர் ஆத்து மீனை உன் கையால ஆக்கிச் சாப்பிட முடியாமப் போச்சேன்னுதான் எனக்கு வருத்தம்.”

புல்லில் விரால் துள்ளிக்கொண்டிருந்தது.

“சமையலா?” என்றார் பெண்ணின் அப்பா.

“ஆபீஸ்லதான் சமைக்கான், அண்ணாச்சி,” என்றாள் அம்மா.

மாமா என்னைப் பார்க்கவில்லை. “சமையல்தான் அண்ணாச்சி. பன்னெண்டு வருசமா,” என்று சொல்லிவிட்டு மீனைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அடுப்படியிலிருந்து அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு அவரே குழம்பு வைத்தார். பெண்ணின் அப்பா மூன்று தடவை சோறு வாங்கினார். கை கழுவும்போதுதான் வாயைத் திறந்தார். “பொய் சொன்னது தப்பு. அது ஒரு பக்கம் கிடக்கட்டும். இந்தக் கைய எதுக்குத் தம்பி மறைச்சீய?”

அடுத்த வாரம் சரி என்று போன் வந்தது. எல்லாம் என் ஆரஞ்சு செய்த வேலை என்று வகுப்பில் சொல்லித் திரிந்தேன்.

கல்யாணம் முடிந்து மாமா துபாய்க்குக் கிளம்புகிற அன்று தகரப் பெட்டியை எனக்கே கொடுத்துவிட்டார். தாளை மட்டும் கொடுக்கவில்லை.

“மருமவனே, அன்னைக்கு ஆத்தங்கரையில எல்லாரு முன்னாலயும் வாசிச்சியே, அந்த வரி எதுன்னு ஒரு கோடு போட்டுக் குடு.”

எந்த வரி என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. சிவப்புப் பேனாவை எடுத்து, ஸ்கேல் வைத்து, கலங்கல் தண்ணீருக்குப் பெரிய ஆரஞ்சு என்ற வரிக்கு அடியில் நேராக ஒரு கோடு போட்டேன். கீழே இருந்த கூட்டெழுத்துப் பக்கம் பேனா போகவே இல்லை. மாமா அந்த வரியை விரலால் ஒரு தடவை தடவினார். மை காய ஊதினார். நாலாக மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

ஆறே இல்லாத ஊருக்குப் போகிறவருக்கு அந்த வரி எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.