எல்லைச் சாவடியில் ஒரு கூடை முளைநெல்

பெட்ரோலெல்லாம் யுத்தத்துக்குப் போய், பஸ்கள் கரியில் ஓடுகிற இந்தக் காலத்தில் எவனாவது ஊர் சுற்றுவானா என்று வீட்டில் கேட்டார்கள். பெரியாறு அணையைப் பார்க்க எனக்கு வெகுநாள் ஆசை. போன ஐப்பசியில் நான்கு நாள் லீவு கிடைத்ததும் தேனியில் பஸ் ஏறினேன். திருவிதாங்கூர் எல்லையிலுள்ள குமுளிக்கு முப்பத்தெட்டு மைல். ஏழு மணி வண்டி, கரி பற்ற அடம்பிடித்து எட்டரைக்குக் கிளம்பியது.

வண்டியில் யாரும் யாரோடும் பேசவில்லை. அனுமதியில்லாமல் நெல்லும் அரிசியும் திருவிதாங்கூருக்குப் போகக்கூடாது என்று உத்தரவு. என் தலையில் காக்கித் தொப்பி வேறு. உளவாளி என்று நினைத்தார்களோ என்னவோ, உத்தமபாளையத்தில் ஏறியவர் என் பக்கத்தில் இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தார். நான் மட்டும் என்ன, ஒவ்வொரு மூட்டையையும் சந்தேகமாகத்தான் பார்த்தேன்.

கம்பத்தில் ஏறிய ஆரோக்கியம் அம்மாள் வேறு வழியின்றி என்னருகே உட்கார்ந்தார். மடியில் ஈரச்சாக்கு போர்த்திய கூடை. நான் அதிகாரி இல்லையென்று இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்த பிறகே விஷயத்தைச் சொன்னார். உள்ளே முளைகட்டிய விதைநெல். குமுளிக்கு அப்பால் இருக்கும் மகளின் நாற்றங்கால் மழையில் அழுகிவிட்டதாம். இன்றோ நாளையோ இது சேற்றில் விழாவிட்டால் மகளுக்கு இந்தப் போகம் கிடையாது.

கூடலூர் தாண்டி மலையடிவாரச் சாவடியில் சோதனை. எங்கள் கெட்ட நேரம், ஜில்லாவின் பெரிய அதிகாரியே அன்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முளைக்கு அடியில் அரிசி இருக்கும் என்று கூடையைத் துணியில் கவிழ்க்கச் சொன்னார். அடிவரை முளைதான். எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

"நெல் நெல்தான். மனுப் போடுங்கள், ஒரு வாரத்தில் பர்மிட் வரும்" என்றார் தணிந்த குரலில். அந்த உத்தரவை எழுதியவரே அவர்தான் என்று சேவகன் பெருமையடித்தான்.

"ஒரு வாரத்துல இது செத்துப் போகும் எசமான்" என்றார் ஆரோக்கியம். அதிகாரி அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அம்மாள் முளையை அள்ளிக்கொண்டு, சற்றுத் தள்ளி உழுது கிடந்த சேற்று வயலில் இறங்கி ஒரு மூலையில் விதைத்தார். யார் நிலம் என்று கேட்டேன்.

"யாரு நிலமோ, பெறகு கேட்டுக்கிறலாம். நெல்லுக்குத்தான தடை? நாத்தானதும் முடிச்சுக் கட்டித் தூக்கிட்டுப் போயிருவேன். நாத்துக்கு இன்னும் உத்தரவு போடல."

பிறகு வெறுங்கூடையோடு வந்து பஸ்ஸில் உட்கார்ந்தார்.

அணையைப் பற்றிக் குறையே இல்லை. போகிறவர்கள் கம்பளி எடுத்துப் போங்கள். பஸ்ஸில் பின்சீட் வேண்டாம், அங்கேதான் கரி அடுப்பு. தொப்பி வேண்டவே வேண்டாம்.

நான்காம் நாள் திரும்பும்போது அந்த மூலையில் இளம்பச்சை தெரிந்தது. ஊர்க் கணக்குப்பிள்ளை பஸ்ஸை மறித்து ஜன்னல் ஜன்னலாகக் கேட்டார்: "இங்கன நாத்துப் பாவுனது யாரு? நிலத்துக்காரவுக நாங்க இல்லங்கிறாக. ஆபீசர் கேக்குறாக."

வண்டி முழுவதும் மலையைப் பார்த்தது. தொப்பியை மடியில் ஒளித்துக்கொண்டு நானும் பார்த்தேன்.

நாற்று இந்நேரம் எல்லை தாண்டியிருக்கும். இருந்தாலும் அந்த அம்மாளின் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். இதைப் படிப்பவர்களில் அதிகாரிகளும் இருப்பார்கள்.