டாக்டர் ஆட்டோ அண்ணாச்சியிடம் சொன்ன மருந்து

நான்கு நாளாகக் காய்ச்சல். இன்று காலை சீவலப்பேரியிலிருந்து தனியாக ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனேன். வாசலில் மூன்று படிகள். ஆட்டோ அண்ணாச்சிதான் என் வீல்சேரைப் பைய இழுத்து ஏற்றி உள்ளே கொண்டுவந்தார்.

டாக்டர் அவரைப் பார்த்து, “இவங்களுக்கு எத்தனை நாளா காய்ச்சல்?” என்றார்.

“நாலு நாளா,” என்றேன் நான்.

“ஒழுங்கா சாப்பிடுதாங்களா?” அதுவும் அவரிடம்தான்.

“நான் ஆட்டோக்காரன் சார். அவங்ககிட்டயே கேளுங்க.”

டாக்டர் தலையாட்டிவிட்டு மருந்துச் சீட்டை அவர் கையிலேயே கொடுத்தார். “மூணு வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு. பாத்துக்கிடுங்க.”

மத்தியானம் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

“ஏம்மா, மாத்திரை போட்டியளா? டாக்டர் என்கிட்டல்லா சொல்லிவிட்டாரு.”

இந்த நான்கு நாளில் என் உடம்பைப் பற்றி என்னிடமே ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது.

இப்போது அந்த டாக்டரோடு சண்டை போடுவதா, நன்றி சொல்வதா? நீங்களே சொல்லுங்கள்.