இரண்டு கலைமணிகள்

தமிழ்மொழிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குணம். ஒரு பொருள் ஓடவில்லை என்றால் அதை ஓடவைப்பதைவிட, ஏன் ஓடவில்லை என்று தெரிந்துகொள்வதில்தான் அவளுக்கு ஆசை. வீட்டு மிக்சியைப் பிரித்துப் போட்டு, அம்மா இருசம்மாளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பி.சி.ஏ. முடித்ததும், பெரம்பலூரில் மக்காச்சோளம் வாங்கி விற்கும் ஒரு கம்பெனியில் சர்வரையும் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

அதே ஆபீசில் வெகுநாள் வேலை பார்த்த கலைமணியை, தை மாத அறுவடைச் சமயத்தில் குன்னம் குடோனுக்கு மாற்றினார்கள். போன உடனே போன் வந்துவிட்டது.

“தமிழு, லோடு வந்து நிக்கிது. கம்ப்யூட்டர்ல பழைய இருப்பு தெரியுது, புதுசா பதிய முடியலடி. அனுமதி இல்லைங்குது.”

மேனேஜர் சுதர்சன் கலைமணியைப் பெரம்பலூருக்கே வரவழைத்து, தன் எதிரில் உட்காரவைத்துப் பதியச் சொன்னார். தடங்கல் இல்லாமல் பதிவானது.

“நல்லாத்தானம்மா ஏறுது! குன்னம் போகப் புடிக்கலன்னா நேரா சொல்லிட வேண்டியதுதானே?”

கலைமணிக்கு முகம் சிவந்துவிட்டது.

தமிழ்மொழிக்கு மண்டை குடைந்தது. சர்வரில் கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, ‘ஷோ கிராண்ட்ஸ்’ என்று தட்டி, கலைமணியின் பெயரைக் கொடுத்தாள். அந்தப் பெயருக்கு என்னென்ன உரிமை என்று சர்வர் சொல்லும் கட்டளை அது. பார்க்கலாம், சேர்க்கலாம், திருத்தலாம் என்று எல்லாமே இருந்தது. மேனேஜர் சொன்னதுதான் சரி என்பதுபோல் இருந்தது பதில். ஆனால் கலைமணி அக்கா பொய் சொல்கிறவர் இல்லையே? இங்கே கேட்ட கேள்வியை அங்கே போய்க் கேட்டால் என்ன?

மறுநாள் அவள் குன்னம் பஸ் ஏறினாள். குடோன் கம்ப்யூட்டரில் கலைமணியை அவர் பெயரிலேயே உள்ளே நுழையச் சொல்லி, அதே கட்டளையைப் பெயர் கொடுக்காமல் தட்டினாள். ‘நான் யார், எனக்கு என்ன உரிமை’ என்று கேட்பதுபோல. பார்க்கலாம் என்ற ஒன்றுதான் வந்தது. பெயருக்குப் பக்கத்தில் குன்னம் குடோனின் இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, சர்வர்ல நீங்க ரெண்டு பேரு!”

“என்னடி ஒளர்ற?”

“எங்கேருந்து வந்தாலும் செல்லுற கலைமணி ஒருத்தவங்க. குன்னத்துக்குன்னே தனியா போட்ட கலைமணி இன்னொருத்தவங்க. நேத்து நான் வெறும் பேரக் குடுத்துக் கேட்டப்ப மொத ஆளத்தான் காட்டுச்சு. இங்கேருந்து நுழைஞ்சா சர்வர் ரெண்டாவது ஆளாத்தான் எடுத்துக்கும்.”

முன்பு இருப்பைச் சரிபார்க்க மட்டும் கலைமணி குன்னம் வந்து போவார். அப்போது சாப்ட்வேர் போட்டவர் உண்டாக்கியது இந்த இரண்டாவது கணக்கு.

“அப்ப பெரம்பலூர்ல இருந்தா நம்புது, பஸ் ஏறி இங்க வந்தா நம்ப மாட்டேங்குதா? நல்ல மிஷினுடி!” என்று கலைமணி சிரித்துவிட்டார். வெகுநேரம் சிரித்தார்.

சுதர்சனிடம் போனில் விளக்கிச் சொல்லி, குன்னத்துக் கணக்கைத் தமிழ்மொழி நீக்கினாள். கலைமணி வெளியேறி மறுபடி நுழைந்ததும், வாசலில் நின்ற லோடு பதிவானது. சுதர்சன் கலைமணியிடம், “தெரியாம பேசிட்டேம்மா” என்றார். “பரவால்லங்க சார்” என்று சொன்னாரே தவிர, கலைமணியின் குரல் இளகவில்லை.

தமிழ்மொழிக்கு ஆர்வம் அதோடு அடங்குமா? திரும்பி வந்து ஒவ்வொரு பெயராகக் கேட்டுப் பார்த்தாள். சுதர்சன் பெயருக்கு வந்த பதில்தான் விசித்திரம். ‘யூசேஜ்’ என்று ஒரே சொல். உள்ளே வரலாம், வந்து எதையும் பார்க்கவோ தொடவோ முடியாது என்று அதற்குப் பொருள். எல்லாவற்றையும் மற்றவர்களிடம் பிரிண்ட் வாங்கியே பார்த்துப் பழகிய மனிதருக்கு அது தெரியவே இல்லை.

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, கடைசியில் சொன்னாள். சுதர்சன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இத்தன வருஷமா எனக்கு ஒண்ணுமே கெடையாதா?”

“இல்லைங்க சார். இப்பவே குடுத்துடவா?”

“பாக்க மட்டும் குடும்மா, போதும். அந்தக் கறுப்புத் திரையில என் பேரு எப்படி வருதுன்னு மொதல்ல காட்டு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.